குட்டி போட்ட பூனையை வீட்டுக்குள் இடம் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டில் பூனை இல்லாமல் இருந்த வருடம் எது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் மிருக வைத்தியர் இல்லை. ஆனாலும் அக்கம்பக்கத்தில் பூனை குட்டி போட்டால் ஆட்கள் எனக்குத்தான் போன் எடுப்பார்கள், அதுவும் பூனை தேர்ந்தெடுத்த இடம் அவர்களுக்குப் பிடிக்காதபோது. அலுமாரித் தட்டு, நெல் மூட்டை இடுக்கு, தையல் மெஷினின் அடிப்பெட்டி, ஒரு தடவை சாமியறை. அப்படி வந்த கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் கீழே இருக்கின்றன.

பூனை அலுமாரிக்குள் குட்டி போட்டுவிட்டது. இன்றைக்கே மாற்றலாமா?

ஆபத்து ஒன்றும் இல்லையென்றால் வேண்டாம். குறைந்தது மூன்று நாள் விடுங்கள். ஒரு கிழமை விட முடிந்தால் இன்னும் நல்லது.

பிறந்த குட்டிக்குக் கண் தெரியாது, காது கேட்காது. மணத்தையும் சூட்டையும் வைத்துத்தான் தாயின் முலையைத் தேடிப் போகும். நோயைத் தாங்கும் சக்தி தாயின் முதற்பாலில்தான் கிடைக்கிறது. அதைக் குட்டியின் குடல் உறிஞ்சிக்கொள்வது பிறந்த முதல் நாளில் மட்டும்தான். அந்த நேரத்தில் நாம் பெட்டி, கூடை என்று நின்றால் தாய் எழுந்து எழுந்து போகும், குட்டி குடிக்காது.

ஆபத்து என்று நான் சொல்வது இவற்றைத்தான்: எறும்பு ஏறிவிட்டது, மழை ஒழுகுகிறது, மத்தியான வெயில் நேரே விழுகிறது, நாய் எட்டக்கூடிய இடம், குட்டி கீழே விழக்கூடிய உயரம். இதில் ஒன்று இருந்தால் நாள் பார்க்க வேண்டாம், உடனே மாற்றுங்கள். சேலை பழுதாகிறது என்பது இந்தப் பட்டியலில் இல்லை. அந்தச் சேலை ஏற்கெனவே போனதுதான்.

நீங்களே அவசரப்பட்டு மாற்றிப் பார்த்ததில்லையா?

பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

எங்கள் பூனை கறுப்பி, அம்மாவின் அலுமாரிக் கீழ்த்தட்டில், கூறைச்சேலைக்கு மேலேயே நாலு குட்டி போட்டாள். அம்மா போட்ட சத்தத்தில் இரண்டாம் நாளே நான் ஒரு காட்போட் பெட்டியை எடுத்து, டெட்டோல் போட்டுத் துடைத்து, தோய்த்த புதுத் துவாய் விரித்து, கொல்லைப்புறத்துத் தகரக் கொட்டிலுக்குள் கொண்டுபோய் வைத்தேன். குட்டிகளையும் நானே தூக்கிப் போட்டேன். எனக்கு அது மிக நல்ல ஏற்பாடாகத் தெரிந்தது. கறுப்பி பெட்டியைச் சுற்றி ஒரு தரம் வந்தாள், மூக்கைச் சுருக்கினாள், போய்விட்டாள்.

இரவு ஒரு மணிபோல் ஜன்னல் பலகையில் தொப்பென்று ஒரு சத்தம். ரோச் அடித்துப் பார்த்தால் வாயில் ஒரு குட்டி. வாலைச் சுருட்டி, கால்களை வயிற்றோடு ஒட்டி, பழத்தோல் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. இறக்கி வைத்தாள், நக்கினாள், திரும்பப் போனாள். மூன்று குட்டி வந்தது. நாலாவதைக் கிணற்றடியில் எதற்கோ பயந்து போட்டுவிட்டாள். காலையில் நான் கண்டபோது கண்ணிமையைச் சுற்றி எறும்பு. பிழைத்துக்கொண்டது, ஆனால் ஒரு கண் கடைசிவரை சரியாகத் திறக்கவில்லை.

அன்றைக்கு நான் செய்த பிழைகளை எண்ணினால் ஒரு கை விரல் போதாது. நாள் பிழை, மணம் பிழை, இடம் பிழை, தாயை விட்டுவிட்டுக் குட்டியை மட்டும் பார்த்தது எல்லாவற்றையும் விடப் பெரிய பிழை. புது இடத்தைத் தாய் ஏற்றுக்கொண்டால் குட்டிகள் அங்கே இருக்கும். அவள் ஏற்காத இடத்தில் எவ்வளவு பஞ்சு விரித்தாலும் விடியும்போது பெட்டி வெறும் பெட்டிதான்.

அப்படியென்றால் தாய் எப்படிப்பட்ட இடத்தை ஏற்றுக்கொள்ளும்?

இருட்டு, ஒதுக்கு, ஒரே வாசல், ஆள் நடமாட்டம் குறைவு. இதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் வேண்டாம். கட்டிலுக்கடி, பாவிக்காத அறையின் மூலை, மேசைக்குக் கீழே துணி தொங்கவிட்ட இடம் எல்லாம் சரிவரும். குசினி சரிவராது. புகை, சத்தம், மீன் வெட்டும் நேரத்தில் வரும் மற்றப் பூனைகள்.

பெட்டி தாய் நீட்டிப் படுத்தால் கால் இடிக்காத அளவு இருக்கட்டும். மேல்மூடியை அப்படியே விட்டு, ஒரு பக்கத்தில் மட்டும் வாசல் வெட்டுங்கள். வாசலின் அடியில் அரை அடி மதில் மாதிரி விட வேண்டும். தாய் தாண்டுவாள், தவழும் குட்டி வெளியே உருளாது.

சூட்டைப் பற்றி ஒரு விஷயம். முதல் கிழமையில் குட்டிக்குப் பெட்டிக்குள் 30 பாகை அளவு சூடு தேவை, அதன் உடம்பால் சொந்தமாகச் சூட்டைக் காத்துக்கொள்ள முடியாது. குளிர் நாட்டுக்காரர்கள் இதற்காக மின்சாரப் போர்வை வைக்கச் சொல்வார்கள். மட்டக்களப்பில் பாதி வருடம் காற்றே அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. நமக்குப் பிரச்சினை மறுபக்கம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் கையை வைத்துப் பாருங்கள், அது போறணை. குட்டிக்கு அங்கிருந்து நகர்ந்து போகத் தெரியாது. மாரியில் மட்டும் சீமெந்துத் தரையின் குளிர் ஏறாமல் அடியில் சாக்கோ பழைய பாயோ மடித்துப் போடுங்கள். ஃபேன் காற்று எந்தக் காலத்திலும் நேரே படக்கூடாது.

சரி, மாற்றத்தான் வேண்டும். எப்படிச் செய்வது?

மாற்றுவதற்கு முதல் நாளே புதுப் பெட்டியைப் புது இடத்தில் வைத்துவிடுங்கள். தாயின் சாப்பாட்டையும் தண்ணீரையும் அதற்குப் பக்கத்தில் வையுங்கள். அவளே உள்ளே போய் மணந்து பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

மாற்றும் நாளில் அவளுக்குப் பிடித்ததைக் கொடுங்கள். எங்கள் வீட்டில் அவித்த சூடை மீன். அவள் சாப்பிடும்போது கையைச் சவர்க்காரம் போடாமல் வெறும் தண்ணீரில் கழுவி, குட்டிகள் படுத்திருந்த துணியிலேயே கையைத் துடையுங்கள். பிறகு குட்டிகளை அந்தத் துணியோடு சேர்த்துக் கடகத்திலோ ஆழமான பேசினிலோ வைத்து, எல்லாவற்றையும் ஒரே நடையில் கொண்டுபோங்கள். இரண்டு இப்போது, இரண்டு பிறகு என்று வைத்தால் தாய்க்கு எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் போகும். “குட்டி போட்ட பூனை மாதிரி அலையாதே” என்று வீட்டில் திட்டுவார்களே, அந்த அலைச்சலை அன்றைக்குக் கண்ணால் காண்பீர்கள்.

அந்தத் துணியைத் தோய்க்க வேண்டாம். இது மிக முக்கியம். பிரசவத்தில் நனைந்த துணி இருந்தால் அதை எடுத்துவிடுங்கள், எறும்பு வரும். ஆனால் காய்ந்த, மணமுள்ள ஒரு துண்டாவது புதுப் பெட்டிக்குள் போக வேண்டும். நமக்கு அழுக்கு, அவளுக்கு வீட்டு முகவரி.

கொண்டுபோகும்போது தாய் பார்க்கட்டும். ஒரு குட்டி முனகினால் அவளே பின்னால் வருவாள். உள்ளே வந்ததும் அறைக் கதவைச் சாத்திவிட்டு நீங்கள் வெளியே வந்துவிடுங்கள். தண்ணீர், சாப்பாடு, ஒரு தட்டில் மணல், மூன்றும் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். ஒன்று இரண்டு நாள் அப்படியே வைத்திருங்கள். பிள்ளைகள் எட்டிப் பார்க்க வந்தால் விரட்டுங்கள்.

அதே நேரத்தில் பழைய இடத்தையும் அடைத்துவிட வேண்டும். அலுமாரிக் கதவைப் பூட்டி, பூட்டு இல்லையென்றால் கதிரையைச் சாத்தி வையுங்கள்.

அப்படிச் செய்தும் திரும்பப் பழைய இடத்துக்கே தூக்கிக்கொண்டு போகிறாள்.

ஒரு தரம் போனால் சும்மா விடுங்கள், மறுநாள் திரும்ப முயலலாம். இரண்டாம் தரமும் போனால் புது இடத்தில் அவளுக்கு மட்டும் தெரியும் ஒரு குறை இருக்கிறது. தரையில் குந்தி, அவளுடைய உயரத்திலிருந்து பாருங்கள். ஒருமுறை ஆரையம்பதியில் ஒரு வீட்டில் எவ்வளவு யோசித்தும் காரணம் பிடிபடவில்லை. கடைசியில் பார்த்தால் பெட்டிக்குப் பின்சுவரில் அடுத்த வீட்டுத் தண்ணீர் மோட்டார்.

மூன்றாம் தரமும் போனால் தோற்றுவிட்டோம் என்று ஒத்துக்கொண்டு, அவள் விரும்பும் இடத்தையே பாதுகாப்பாக்கிக் கொடுங்கள். மூன்று கிழமைக்கு ஒரு அலுமாரித் தட்டை விட்டுக்கொடுத்தால் வீடு இடிந்து விழாது.

மனிதக் கை பட்டால் தாய் குட்டியை ஒதுக்கிவிடுமாமே?

வீட்டுப் பூனை உங்கள் மணத்திலேயே வளர்ந்தது. கை பட்டதற்காக அது குட்டியை ஒதுக்குவதில்லை. ஓயாமல் தூக்கித் தூக்கிப் பார்த்தால் பயந்து இடம் மாற்றும், அவ்வளவுதான். ஆட்கள் கண்ட பிறகு குட்டி காணாமல் போவதால் வந்த பேச்சு இது.

ஏழு வீடு மாற்றினால்தான் குட்டிக்குக் கண் திறக்கும் என்று பெத்தா (பாட்டி) சொல்கிறாவே?

எங்கள் பெத்தாவும் அதையேதான் சொன்னா. குட்டியின் கண் பிறந்து 7 முதல் 14 நாளுக்குள் தானாகத் திறக்கும், அலுமாரியிலேயே இருந்தாலும் திறக்கும். ஆனால் பெத்தா கண்டது பொய்யில்லை. பூனைகள் குட்டிகளை இடம் மாற்றத்தான் செய்யும். ஒரே இடத்தில் மணம் சேர்ந்தால் எதிரிக்குத் தெரிந்துவிடும், தெள்ளு பெருகும், குட்டி வளர்ந்து இடம் போதாமல் வரும். மூன்றாம் நாலாம் கிழமையில் நீங்கள் ஒன்றுமே செய்யாமல் அவளாகவே மாற்றினால் அதைக் குற்றமாக எடுக்க வேண்டாம்.

தாய் மாதிரி நானும் பிடரியில் பிடித்துத் தூக்கலாமா?

கூடாது. எவ்வளவு அழுத்த வேண்டும் என்பது அவளுடைய பல்லுக்குத் தெரியும், நம்முடைய விரலுக்குத் தெரியாது. உள்ளங்கையை வயிற்றுக்கடியில் கொடுத்து முழுதாக ஏந்துங்கள்.

பிடரியில் பிடித்தால் குட்டி அசையாமல் சுருண்டுவிடுவது பிறவியிலேயே வருவது. குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும், பூனைக் குட்டி ஒன்றும் செய்யாமல் தன்னைத் தாயிடம் விட்டுவிடும். தென்கலை வைணவர்கள் கடவுளிடம் அடைக்கலம் போவதற்கு மார்ச்சால நியாயம் என்று இதைத்தான் உதாரணம் காட்டினார்கள். அந்த இரவு கறுப்பியின் வாயில் தொங்கியதைக் கண்ட பிறகுதான் எனக்கு அது விளங்கியது.

எறும்புக்கு என்ன செய்வது?

நம் ஊரில் பிறந்த குட்டிக்கு முதல் எதிரி நாயோ காகமோ இல்லை, எறும்புதான். தாய் சாப்பிடப் போகும் பத்து நிமிடம் அதற்குப் போதும்.

பெட்டியைத் தாழ்வான ஸ்டூலில், விளிம்புக்கு வெளியே நீளாமல் வைத்து, ஸ்டூலின் நாலு காலையும் தண்ணீர் நிரப்பிய நாலு சிரட்டைக்குள் இறக்குங்கள். ஸ்டூல் சுவரில் முட்டக்கூடாது, துணி நிலத்தைத் தொடக்கூடாது. இரண்டிலொன்று தொட்டால் எறும்புக்குப் பாலம் கிடைத்துவிடும். சிரட்டைத் தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒருக்கால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் நுளம்பு பெருகி அது வேறு வழக்காகும். குட்டிகள் நடக்கத் தொடங்கும் மூன்றாம் கிழமையில் பெட்டியைத் தரைக்கு இறக்கிவிடலாம்.

எறும்புச் சோக், பூச்சி மருந்து, மண்ணெண்ணெய், பூச்சி உருண்டை ஒன்றும் பக்கத்தில் வேண்டாம். பூனை தன் காலையும் குட்டியையும் நக்கிக்கொண்டே இருக்கும், காலில் பட்டதெல்லாம் வயிற்றுக்குள் போகும். டெட்டோலும் அப்படித்தான். அதன் மணம் மட்டும்தான் கெடுதி என்று அன்றைக்கு நினைத்திருந்தேன், அது பூனைக்கு நஞ்சு என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டு ஒரு குட்டியை மட்டும் விட்டுவிட்டாள்.

ஒரு வாய், ஒரு நேரத்தில் ஒரு குட்டி. திரும்பி வர நேரம் எடுக்கும். தள்ளி நின்று ஒன்றிரண்டு மணித்தியாலம் பாருங்கள், பக்கத்தில் நின்றால் வரமாட்டாள். வராவிட்டால் குட்டியைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்திருந்தால் முதலில் சூடு, பிறகுதான் பால். குளிர்ந்த உடம்பில் பால் செமிக்காது. போத்தலில் இளஞ்சூட்டுத் தண்ணீர் நிரப்பி, துவாயில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள், அல்லது உங்கள் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். சூடேறிக் கத்தத் தொடங்கினால் தாயிடம் கொண்டுபோய் விடுங்கள். பெரும்பாலும் சேர்த்துக்கொள்வாள். நோயாளிக் குட்டியைத் தாய் வேண்டுமென்றே தள்ளி வைப்பதும் உண்டு. திரும்பத் திரும்ப ஒதுக்கினால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

அதுவரை பசுப்பால் பருக்கலாமா?

வேண்டாம், வயிற்றால் போகும். சின்னக் குட்டிக்கு அதுவே போதும் சாக. கடைப் பால்மாவும் பசுப்பால்தான். பூனைக் குட்டிக்கென்றே பால்மா இருக்கிறது, மிருக வைத்தியரிடம் கேளுங்கள். முதல் கிழமையில் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கால், இரவிலும் கொடுக்க வேண்டும். மனிதக் குழந்தை மாதிரி மல்லாத்திப் பிடித்தால் நுரையீரலுக்குள் போய்விடும், குப்புற வைத்தே பருக்குங்கள். குடித்த பிறகு ஈரப் பஞ்சால் அடிப்பக்கத்தை மெல்லத் தடவினால்தான் சிறுநீர் வரும். தாய் நக்குவதும் அதற்காகத்தான்.

வெள்ளம் வந்தால்?

கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் குட்டி போட்டால் இந்தக் கேள்வியை மழைக்கு முன்னமே கேளுங்கள். 2011 ஜனவரி வெள்ளம் நினைவிருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை, வாவிக்கு மேற்கே அடிக்கடி வெள்ளம் ஏறும் படுவான்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு 2011 கூடத் தேவையில்லை.

நாள், மணம், பொறுமை என்று மேலே சொன்ன எல்லாம் வெள்ளத்தில் தள்ளுபடி. மூடியுள்ள கூடை ஒன்றைக் கண் படும் இடத்தில் தயாராக வையுங்கள். தண்ணீர் படியைத் தொட்டவுடன் குட்டிகளைத் துணியோடு அதற்குள் வைத்து, தாயைத் தடித்த துவாயால் சுற்றிப் பிடித்து அதே கூடைக்குள் விட்டு மூடியைக் கட்டுங்கள். குட்டிகளை முதலில் வைப்பது முக்கியம், அவற்றின் மணம் இருந்தால் தாய் சீக்கிரம் அடங்குவாள். காற்றுப் போக ஓட்டை இருக்க வேண்டும். மேசைக்கு மேலே வைக்கலாம் என்று நினைக்காதீர்கள், தண்ணீர் ஏறினால் மேசை மிதக்கும். பாடசாலைக்கோ உறவினர் வீட்டுக்கோ போனால் கூடையோடு போங்கள். போன இடத்தில் மூடியைத் திறந்து பார்க்க ஆசைப்பட வேண்டாம், அறிமுகமில்லாத இடத்தில் தாய் பாய்ந்து ஓடினால் குட்டிகளும் போயின.

அது எங்கள் பூனை இல்லை. தெருப்பூனை ஒன்று சீலிங்குக்குள் குட்டி போட்டிருக்கிறது.

இறக்க முயலாமல் சாப்பாட்டால் பழக்குங்கள். ஒவ்வொரு நாளும் ஒரே நேரம், ஒரே தட்டு. ஐந்தாம் கிழமையளவில் குட்டிகளைத் தானே கீழே கூட்டி வருவாள். அதற்குள் சீலிங் ஓட்டையை அடைத்துவிடாதீர்கள். தாய் வெளியே, குட்டி உள்ளே என்று அடைத்துவிட்டு, மூன்று நாள் கழித்து நாற்றத்துக்காக எனக்குப் போன் எடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

கடுவன் பூனை சுற்றிக்கொண்டு திரிகிறது.

உள்ளே விட வேண்டாம். கடுவன்கள் குட்டிகளைக் கொல்வதுண்டு. இரவில் ஜன்னலைச் சாத்துங்கள், அல்லது கம்பி வலை அடியுங்கள்.

தூக்கும்போது தாய் கடித்துவிட்டாள், பிறாண்டிவிட்டாள்.

ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவுங்கள், 15 நிமிடம் நாம் நினைப்பதைவிட நீளம். பிறகு அரச வைத்தியசாலைக்குப் போங்கள், விசர்நோய்த் தடுப்பூசி அங்கே இலவசம். வீட்டுப் பூனைதானே என்று இருந்துவிட வேண்டாம். மஞ்சள் பூசுவது வைத்தியம் இல்லை.

வீட்டில் கர்ப்பிணி இருக்கிறா. பூனையை வெளியே விட வேண்டுமா?

தேவையில்லை. மணல் தட்டை அவ தொடாமல் வேறு ஆள் தினமும் சுத்தம் செய்தால் போதும். பயப்பட வேண்டிய கிருமி பூனையின் மலத்தில் வெளிவந்தாலும் தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளுக்கு மேல் எடுக்கும், அதனால்தான் தினமும் என்கிறேன்.

தாய்க்கு என்ன கொடுப்பது?

பால் கொடுக்கும் காலத்தில் வழமையைவிட இரண்டு மூன்று மடங்கு சாப்பிடுவாள். உப்பு, தூள் போடாமல் அவித்த மீன், முள்ளெடுத்துச் சோற்றோடு, இடைக்கிடை அவித்த முட்டை. மீன் ஆணத்தில் மிஞ்சியதை ஊற்றிவிடுவதுதான் நம் வழக்கம், ஆனால் வெங்காயம் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். கருவாடு உப்பு. தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்று பனடோல் கொடுத்து மட்டும் விடாதீர்கள். பூனைக்கு ஒரு குளிசையே உயிரைக் குடிக்கும்.

குட்டிகள் நன்றாக இருக்கின்றன என்று எப்படித் தெரியும்?

வயிறு உருண்டு, ஒன்றன்மேல் ஒன்று கிடந்து, சத்தமில்லாமல் தூங்கினால் நலம். ஓயாமல் கத்தினால் பசி அல்லது குளிர். கேக் அடிக்கும் தராசு வீட்டில் இருந்தால் பயன்படுத்துங்கள். பிறக்கும்போது 100 கிராம் அளவு, பிறகு நாளுக்குப் பத்துப் பதினைந்து கிராம் கூடும். கூடாமல் நின்றாலோ குறைந்தாலோ பொறுத்திருக்க வேண்டாம். தாய் நடுங்கினாலோ, கால் விறைத்து நடக்க முடியாமல் இருந்தாலோ அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள், உடம்பில் கல்சியம் இறங்கியிருக்கலாம். முலை சிவந்து கல் மாதிரி இருந்தாலும் அப்படித்தான்.

இனி இப்படிக் குட்டி போடாமல் செய்ய முடியாதா?

முடியும், கருத்தடைச் சத்திரசிகிச்சை. குட்டிகள் பால் மறந்ததும், எட்டாம் கிழமையளவில், உங்கள் பகுதிக் கால்நடை வைத்தியரிடம் கேளுங்கள். பால் கொடுக்கும்போதே தாய் திரும்பச் சினைப்படக்கூடும், அதனால் அதுவரை அவளை வெளியே விடாமல் பாருங்கள். எங்கள் அம்மா கறுப்பிக்கு இதைச் செய்ய ஒத்துக்கொள்ள இரண்டாவது சேலையும் போக வேண்டியிருந்தது.

பெட்டியை எப்போது எடுக்கலாம்?

ஐந்தாம் கிழமையில் குட்டிகள் வாசல் மதிலைத் தாண்டிவிடும், ஆறாம் கிழமையில் பெட்டியின் மூலையைக் கடிக்கத் தொடங்கும். நீங்கள் எடுப்பதற்கு அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.